அதிக விலை, அதிக நாள், ஆனாலும் முதலிடம்: மினியாபொலிஸ் பாலத்தின் ஒப்பந்தம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2007 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை நான்கு டெண்டர் உறைகளைப் பிரித்தது. கட்ட வேண்டியது மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் ஒரு நெடுஞ்சாலைப் பாலம். சி.எஸ். மெக்ராசன் நிறுவனம் 17 கோடியே 69 லட்சம் டாலர் கேட்டது, 367 நாளில் முடிப்பதாகச் சொன்னது. ஏம்ஸ்–லுண்டா கூட்டணி 17 கோடியே 84 லட்சம், 392 நாள். வால்ஷ்–அமெரிக்கன் பிரிட்ஜ் கூட்டணி 21 கோடியே 90 லட்சம், 437 நாள். பிளாட்அயர்ன்–மேன்சன் கூட்டணி 23 கோடியே 37 லட்சம், அதே 437 நாள்.

வேலை பிளாட்அயர்ன்–மேன்சனுக்குப் போனது. நான்கு பேரில் அதிக விலை கேட்டது அவர்கள்தான். நாள் கணக்கிலும் அவர்களைவிட நீளமாகக் கேட்டவர் யாரும் இல்லை. மெக்ராசனின் விலையோடு ஒப்பிட்டால் 5 கோடியே 68 லட்சம் டாலர் கூடுதல், 70 நாளும் கூடுதல். பொதுப்பணம் செலவாகும் ஒரு வேலையில் இப்படி நடந்தால் கேள்வி எழாமல் இருக்காது. எழுந்தது; மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலமோ கெடுவுக்கு மூன்று மாதம் முன்பே திறக்கப்பட்டது.

போக்குவரத்துக் கட்டுமானத்தில் மாற்று ஒப்பந்த முறைகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாலத்தை வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். வெற்றி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வெற்றி எதனால் வந்தது என்று அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சில நிற்பதில்லை. தேர்வு சரி, தேர்வுக்குப் பயன்பட்ட சூத்திரம் சரியில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

பழைய பாலமும் அவசரமும்

ஐ-35 மேற்கு நெடுஞ்சாலையின் பழைய பாலம் 1967-ல் திறக்கப்பட்ட இரும்புச் சட்டகப் பாலம். நாளொன்றுக்குச் சுமார் 1,40,000 வாகனங்கள் அதில் போய்வந்தன. 2007 ஆகஸ்ட் 1 மாலை 6.05 மணிக்கு, சாலையெங்கும் வண்டிகள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில், அது ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். இரும்புத் தண்டுகள் சந்திக்கும் இடத்தில் அவற்றை இணைத்துப் பிடிக்கும் தகடுகளை 1960-களில் வடிவமைத்தபோதே தேவையான கனத்துக்குப் போடாமல் விட்டிருந்தார்கள் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008 நவம்பரில் முடிவு சொன்னது. விழுந்த அன்று பாலத்தின் மேல் சாலைச் சீரமைப்புக்காகக் குவித்திருந்த ஜல்லி, மணல், இயந்திரங்களின் எடையும் சேர்ந்துகொண்டது.

இந்த முடிவு வருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பாகவே புதுப் பாலத்தின் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதாவது, பழையது ஏன் விழுந்தது என்று உறுதியாகத் தெரியாத நிலையில் புதியதைக் கட்டும் முறையை முடிவுசெய்தார்கள். மக்களிடம் துறையின் மீதிருந்த நம்பிக்கை அப்போது தரைமட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் துறை போட்ட மதிப்பெண் திட்டம் புரியும்.

பாலம் இல்லாத ஒவ்வொரு நாளும் பயணிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஆகும் கூடுதல் செலவைத் துறை சுமார் 4 லட்சம் டாலர் என்று கணித்தது. பழைய வழியில் போனால் முதலில் வடிவமைப்பாளரை நியமித்து, முழு வரைபடமும் தயாராகி, அப்புறம் டெண்டர் விட்டு, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்க வேண்டும். இந்த அளவுள்ள ஆற்றுப்பாலத்துக்கு வரைபடம் முடியவே ஓராண்டுக்கு மேல் ஆகும். அதனால் துறை டிசைன்-பில்ட் முறையை எடுத்தது: வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே குழுவின் பொறுப்பு, ஒரே ஒப்பந்தம். பாலம் விழுந்த மூன்றாம் நாளே தகுதி விண்ணப்பம் கோரி அறிவிப்பு வெளியானது.

இவ்வளவு வேகமாக அறிவிக்க முடிந்ததற்குக் காரணம் அந்த வாரத்துப் பரபரப்பு இல்லை. விலையோடு தரத்தையும் சேர்த்து மதிப்பிட்டு டிசைன்-பில்ட் ஒப்பந்தம் கொடுக்க மினசோட்டா சட்டம் 2001-லேயே இடம் கொடுத்திருந்தது. அதற்கும் முன்னால், 1990-ல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் தன் 14-வது சிறப்புச் சோதனைத் திட்டத்தின் கீழ், மாநிலங்கள் இப்படிப்பட்ட முறைகளைச் சோதித்துப் பார்க்க வழி திறந்தது. விலையோடு நாளையும் சேர்த்து ஏலம் கேட்கும் முறை, சாலைத் தடத்தை மூடிவைக்கும் நேரத்துக்கு ஒப்பந்ததாரரிடம் வாடகை வசூலிக்கும் முறை, டிசைன்-பில்ட் எல்லாம் அந்த வழியாகப் புழக்கத்துக்கு வந்தவை. ஆக, 2007-ல் துறையின் கையில் சட்டமும் இருந்தது, முன்மாதிரி ஆவணங்களும் இருந்தன. பேரிடர் நேரத்தில் புதிய முறையைக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

அளவுகோல்

மதிப்பீட்டுச் சூத்திரம் சின்னது. ஒவ்வொருவரும் கேட்ட விலையை எடுத்துக்கொள். அவர் கேட்ட நாளை 2 லட்சம் டாலரால் பெருக்கி அதோடு கூட்டு. கிடைத்த தொகையைத் தொழில்நுட்ப மதிப்பெண்ணால் வகு. எது குறைவோ அவருக்கு வேலை.

தொழில்நுட்ப மதிப்பெண் நூற்றுக்கு. அதில் பாதி தரத்துக்கு: முக்கியப் பொறியாளர்களின் அனுபவமும் அதிகாரமும், தரக்கட்டுப்பாட்டு ஏற்பாடு, பணியிடப் பாதுகாப்பு போன்றவை. 20 பாலத்தின் தோற்றத்துக்கு. 15 துறை கேட்டதற்கு மேல் கொடுக்கும் மேம்பாடுகளுக்கு. மீதி 15 பொதுமக்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் திட்டத்துக்கு. விலையைப் பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண் போட்டு முடித்தார்கள்.

பொதுமக்கள் தொடர்புக்கு 15 மதிப்பெண் என்பதைப் பார்த்துப் பல பொறியாளர்கள் முகம் சுளித்தார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 13 பேர் இறந்த இடத்தில், இறந்தவர்களின் குடும்பங்களும் தினமும் அந்த வழியே போனவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேலையை எப்படி மக்களுக்குத் திறந்து காட்டப் போகிறாய் என்று கேட்பது நியாயமான கேள்விதான். பின்னர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்துப் பாலத்தில் மக்களைக் கூட்டி, கீழே நடக்கும் வேலையைப் பொறியாளர்களே விளக்கினார்கள். அந்த ஏற்பாடு இந்த 15 மதிப்பெண்ணின் நேரடிப் பலன்.

முடிவு இப்படி வந்தது. பிளாட்அயர்ன் 91.47 மதிப்பெண். வால்ஷ் 67.88. மெக்ராசன் 65.91. ஏம்ஸ் 55.98. சூத்திரத்தில் போட்டால் பிளாட்அயர்னுக்கு 35 லட்சத்து 11 ஆயிரம், மெக்ராசனுக்கு 37 லட்சத்து 98 ஆயிரம், வால்ஷுக்கு 45 லட்சத்து 13 ஆயிரம், ஏம்ஸுக்கு 45 லட்சத்து 88 ஆயிரம்.

வகுத்தலில் என்ன நடந்தது

இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும்.

விலையையும் நாளையும் மட்டும் கூட்டிப் பார்த்தால் மெக்ராசன் 25 கோடியே 3 லட்சம், பிளாட்அயர்ன் 32 கோடியே 11 லட்சம். ஏழு கோடி டாலருக்கும் மேற்பட்ட வித்தியாசத்தை மதிப்பெண் ஒன்றே புரட்டிப்போட்டது. பிளாட்அயர்னுக்கு 91.47-க்குப் பதில் 84.5 கிடைத்திருந்தால் வேலை மெக்ராசனுக்கு. அல்லது மெக்ராசனுக்கு 65.91-க்குப் பதில் 71.4 கிடைத்திருந்தால் அப்போதும் அவர்களுக்கு. பிளாட்அயர்னின் நிலையில் ஒரு மதிப்பெண்ணின் மதிப்பு சுமார் 35 லட்சம் டாலர். மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் இந்த எடையை உணர்ந்து பேனாவைப் பிடித்திருப்பார்கள் என்று நம்ப ஆசைதான். ஆனால் தாளில் எழுதும்போது அது தெரியாது. வகுத்த பிறகுதான் தெரியும்.

இதைவிடச் சங்கடமான இன்னொன்று இருக்கிறது. இது அவசர வேலை, நாளுக்கு விலை வைத்ததால் வேகமானவருக்கு வாய்ப்பு கூடியது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த டெண்டரில் அப்படி நடக்கவில்லை. நாளுக்கு வைத்த 2 லட்சத்தைப் பூஜ்யமாக்கி, விலையை மட்டும் மதிப்பெண்ணால் வகுத்துப் பாருங்கள்: பிளாட்அயர்ன் 25 லட்சத்து 56 ஆயிரம், மெக்ராசன் 26 லட்சத்து 85 ஆயிரம். அப்போதும் பிளாட்அயர்ன்தான், 5 சதவீத முன்னிலையில். 2 லட்சம் வைத்தபோது முன்னிலை 8 சதவீதமானது. துறையே கணித்த முழு 4 லட்சத்தை வைத்திருந்தால் ஏறத்தாழ 10 சதவீதமாகியிருக்கும்.

நாளின் விலையைக் கூட்டக் கூட, 70 நாள் அதிகம் கேட்டவரின் முன்னிலை ஏறுகிறது! காரணம், சூத்திரம் நாளையும் மதிப்பெண்ணால் வகுக்கிறது. 437-ஐ 91.47-ஆல் வகுத்தால் 4.78. 367-ஐ 65.91-ஆல் வகுத்தால் 5.57. ஆகவே சூத்திரத்தின் கண்ணுக்கு 437 நாள் 367 நாளைவிடக் குறைவு. சாலையில் சுற்றி வளைத்துப் போகும் பயணிக்கு அப்படி இல்லை. ஒப்பந்ததாரர் எவ்வளவு தரமானவராக இருந்தாலும் பாலம் இல்லாத ஒரு நாள் அவருக்கு ஒரு முழு நாள்தான். விலைக்கும் தரத்துக்கும் இடையே பேரம் இருக்கலாம். அதிகம் கொடுத்தால் நல்லதாகக் கிடைக்கும் என்பதில் பொருள் உண்டு. நாளைத் தரத்தால் வகுப்பதில் எந்தப் பொருளும் எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியானால் வேலையை மெக்ராசனுக்குக் கொடுத்திருக்க வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. நூறாண்டு நிற்க வேண்டிய பாலம், விழுந்த பாலத்தின் இடத்தில். ஒரு குழு 91, அடுத்த குழு 68 என்றால் அந்த இடைவெளி சிறிய ரசனை வேறுபாடாக இருக்க முடியாது. தரத்துக்குப் பாதி எடை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தரத்தில் இவ்வளவு முன்னே நிற்பவரை விலைக்காக விட்டிருந்தால் துறை தன் சொல்லையே மீறியதாகும். என் புகார் சூத்திரத்தின் கட்டமைப்பின் மீது. துறைக்கு எது எவ்வளவு முக்கியம் என்பதை அது நேர்மையாகக் காட்டவில்லை.

339 நாள்

ஒப்பந்தம் 2007 அக்டோபர் 8 அன்று கையெழுத்தானது. அக்டோபர் நடுவில் நாள் எண்ணத் தொடங்கியது; கெடு 2008 டிசம்பர் 24. 2008 செப்டம்பர் 18 அதிகாலை 5 மணிக்குப் பாலத்தில் வண்டி ஓடியது. 339 நாள். மெக்ராசன் சொன்ன 367-ஐயும்விடக் குறைவு.

எப்படி? முதல் காரணம், வடிவமைப்பும் கட்டுமானமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடியது. நவம்பர் 1 அன்று களத்தில் வேலை தொடங்கியபோது பாலத்தின் மேல்பகுதி இன்னும் வரைபடப் பலகையில்தான் இருந்தது. அடித்தளத் தூண்களுக்கான வரைபடம் முடிந்ததும் அதற்கு மட்டும் அனுமதி வாங்கித் துளையிட ஆரம்பித்தார்கள். டிசைன்-பில்ட் என்றால் நடைமுறையில் இதுதான்.

இரண்டாவது, வார்ப்புக் களம் அமைந்த இடம். ஆற்றின் மேல் வரும் 504 அடி நீள நடு இடைவெளியை 120 முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளால் கட்டினார்கள். ஒவ்வொரு திசைக்கும் தனிப் பாலம், ஒவ்வொரு பாலத்திலும் இரண்டு பெட்டி கர்டர், அதாவது உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவ உத்திரம். ஆக நான்கு வரிசை. துண்டுகளை எங்கே வார்ப்பது? பாலம் போனதால் தெற்குப் பக்கத்து நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அந்தச் சாலையின் மேலேயே நீளமான அச்சுப் படுக்கைகளைப் போட்டு, மினசோட்டாக் குளிரில் கான்கிரீட் உறையாமல் இருக்கக் கூடாரமிட்டுச் சூடேற்றி, குளிர்காலம் முழுக்க வார்த்தார்கள். ஒவ்வொரு புதுத் துண்டையும் அதற்கு முந்தைய துண்டின் முகத்தோடு ஒட்டியே வார்ப்பதால், ஆற்றின் மேல் தூக்கி வைக்கும்போது இரண்டு முகங்களும் பிசகில்லாமல் பொருந்தும். கனமான துண்டு ஒன்று 200 டன் வரும். மே 25 அன்று மிதவை மேல் நின்ற கிரேன் முதல் துண்டைத் தூக்கியது. ஜூலை 10 அன்று கடைசித் துண்டு. இருகரைகளிலிருந்தும் நீண்டுவந்த கைகள் நடு ஆற்றில் சேர ஏழு வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

இந்த யோசனை ஒப்பந்ததாரரும் வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்தது. வடிவமைப்பு நிறுவனமான ஃபிக், துண்டுத் துண்டான கான்கிரீட் பாலங்களிலேயே பெயர் எடுத்தது. எந்த இடம் காலியாக இருக்கிறது, எந்த கிரேன் கிடைக்கும், எவ்வளவு எடை தூக்கும் என்று கட்டுபவர் சொல்லச் சொல்ல, அதற்குத் தகுந்தபடி துண்டின் அளவை வரைபவர் வகுக்க முடிந்தது. வரைபவர் ஒரு கட்டடத்தில், கட்டுபவர் ஓராண்டு கழித்து வரப்போகிறவர் என்றால் இந்த உரையாடலுக்கு இடமே இல்லை.

மூன்றாவதை நான் இவற்றுக்கு மேலாக வைப்பேன்: துறை விலகி நிற்கவில்லை. டிசைன்-பில்ட் என்றதும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பல அரசுத் துறைகள் நினைக்கின்றன. இங்கே ஜான் சிக்லோ தலைமையிலான துறைக் குழு, வடிவமைப்பாளர்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்து பார்த்துக் கருத்துச் சொன்னது. வரைபடம் கட்டுக்கட்டாக வந்து, மாதக்கணக்கில் மேசையில் கிடந்து, சிவப்பு மையில் திருத்தி, திருப்பி அனுப்பும் சுற்று அறுந்தது. டெண்டருக்கு முன்பும் அப்படித்தான். போட்டியிட்ட குழுக்களைத் தனித்தனியாகச் சந்தித்து, அவர்கள் யோசனைகளை ரகசியம் காத்துப் பரிசீலித்தார்கள். தோற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் உழைப்பூதியம். நாற்பது நாளுக்குள் ஒரு பெரிய பாலத்தின் வடிவமைப்பை ஓரளவுக்குக் கொண்டுவரப் பெருஞ்செலவு ஆகும். அதை முழுக்கத் தோற்றவர் தலையில் போட்டால் அடுத்த டெண்டருக்கு நல்லவர்கள் வர மாட்டார்கள். வெளியில் யாரும் அதிகம் பேசாத செலவு இது. எனக்கு இதுவே நியாயமான செலவாகத் தோன்றுகிறது.

ஊக்கத்தொகைக் கணக்கு

கெடுவுக்கு முன் முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர். அதோடு, மழை, குளிர், வேலையில் மாற்றம் என்று எந்தச் சாக்கும் சொல்லாமல் கெடுவுக்குள் முடித்தால் மொத்தமாக 70 லட்சம். இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 2 கோடியே 70 லட்சம். தாமதமானால் நாளுக்கு 2 லட்சம் பிடித்தம். மூன்று மாதத்துக்கும் மேல் முன்பே முடித்ததால் ஊக்கத்தொகை அந்த உச்சத்தை நெருங்கியது.

இந்தக் கெடு எங்கிருந்து வந்தது? ஒப்பந்ததாரரே டெண்டரில் எழுதிய 437 நாளிலிருந்து. டெண்டரில் நாளைக் குறைத்து எழுதினால் மதிப்பீட்டில் நாளுக்கு 2 லட்சம் லாபம். குறைக்காமல் எழுதிவிட்டு முன்னதாக முடித்தால் கையில் நாளுக்கு 2 லட்சம் ரொக்கம். தன் தொழில்நுட்ப மதிப்பெண்ணில் நம்பிக்கை உள்ளவருக்கு இரண்டாவதே நல்ல வழி. பிளாட்அயர்ன் அப்படித் திட்டமிட்டது என்று நான் சொல்லவில்லை. விதியை எழுதிய விதம் அந்தக் கதவைத் திறந்து வைத்தது என்கிறேன். 339 நாளில் முடித்தவருக்கு 437 நாளை அடிப்படையாக வைத்துப் பரிசு கொடுக்கும்போது, வேகத்துக்குக் கொடுக்கிறோமா, தாராளமாக எழுதிய கெடுவுக்குக் கொடுக்கிறோமா என்பது தெளிவாக இல்லை.

கலிபோர்னியாவில் இரண்டு முறை இதே கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸின் சாண்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்கள் இடிந்தன. சி.சி. மையர்ஸ் நிறுவனம் 140 நாள் கெடு இருந்த வேலையை 66 நாளில் முடித்தது. நாளுக்கு 2 லட்சம் வீதம் 74 நாளுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை ஏறக்குறைய டெண்டர் தொகை அளவுக்கே வந்தது. 2007 ஏப்ரல் 29 அன்று ஓக்லாண்டில் பெட்ரோல் டேங்கர் எரிந்து மேம்பாலம் ஒன்று உருகி விழுந்தபோது, அதே நிறுவனம் 8 லட்சத்து 67 ஆயிரம் டாலருக்கு டெண்டர் போட்டது. ஊக்கத்தொகையின் உச்சவரம்பு 50 லட்சம்! வேலைக்கான உண்மையான விலை டெண்டர் எண்ணில் இல்லை, ஊக்கத்தொகையில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் பாலம் திறந்தது, முழு 50 லட்சமும் கிடைத்தது. இரண்டிலும் பொதுமக்களுக்கு லாபம்தான், பயணச் செலவு மிச்சமானதைப் பார்த்தால். ஆனால் இந்த இரண்டும் டிசைன்-பில்ட் இல்லை. வரைபடம் மாநிலத் துறையிடமிருந்தே வந்தது. வேகம் என்றாலே டிசைன்-பில்ட் என்று எழுதுபவர்கள் இந்த இரண்டு பாலங்களையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

வழக்கு

மெக்ராசனும் ஏம்ஸ்–லுண்டாவும் முடிவை எதிர்த்துத் துறையிடம் முறையிட்டார்கள், துறை ஏற்கவில்லை. அப்புறம் வரி கட்டும் குடிமக்கள் என்ற முறையில் இருவர் நீதிமன்றம் போனார்கள். பிளாட்அயர்னின் திட்டம் டெண்டர் நிபந்தனைகளையே மீறியது என்பது அவர்கள் வாதம். சாலைக்கு ஒதுக்கிய எல்லைக்கு வெளியே வேலை இருக்கிறது என்றார்கள். பெட்டி கர்டரின் செங்குத்துச் சுவர்கள் கேட்ட எண்ணிக்கையில் இல்லை என்றார்கள். 2010-ல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் துறையின் முடிவு செல்லும் என்றது. அதற்குள் பாலத்தில் இரண்டு ஆண்டாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சட்டப்படி துறை வென்றது. ஆனாலும் அந்த வழக்கின் வேர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறைந்த விலை முறையில் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று புரியும். எண் எதிரே இருக்கிறது. மதிப்பெண் முறையில் 66-க்கும் 91-க்கும் இடையே என்ன இருந்தது என்பதை எழுத்தில் காட்டாவிட்டால், தோற்றவர் அந்த இடைவெளியைச் சந்தேகத்தால்தான் நிரப்புவார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

இதையே இன்னொரு இடத்தில் செய்தால்

இந்தப் பாலத்துக்கு அமைந்த சூழல் மற்ற வேலைகளுக்கு அமையாது. நிலம் ஏற்கெனவே கையில் இருந்தது, பழைய பாதையிலேயே புதுப் பாலம். அவசர நிதியாக 25 கோடி டாலர் வரை ஒதுக்க அமெரிக்க நாடாளுமன்றம் சில நாட்களிலேயே அனுமதித்துவிட்டது. பாலத்தில் போக்குவரத்தே இல்லாததால் பாதி மூடி, பாதி திறந்து கட்டும் தொல்லை இல்லை. எதிர்காலத்தில் இலகு ரயில் ஓடும் அளவுக்குப் பலம் வேண்டும் என்று நகரம் கேட்டது. அதை டெண்டருக்கு முன்பே சேர்த்துவிட்டதால் நடுவில் வேலை மாறவில்லை.

இவை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் திட்டம் இருக்கிறது. 2008-ல் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானபோது வடிவமைப்பு முடியவில்லை; தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் நகர்த்தும் வேலையும் முடியவில்லை. நிலையான விலை என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த விலை எந்தெந்த அனுமானங்களின் மேல் நின்றதோ அவை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தன. அனுமானம் பொய்த்த ஒவ்வொரு இடத்திலும் புதிய பில். மொத்தச் செலவு 77 கோடியே 60 லட்சம் பவுண்டைத் தொட்டது. திட்டமிட்டதைவிடக் குறுகிய பாதையோடு 2014-ல்தான் டிராம் ஓடியது. இதை விசாரித்த ஹார்டி பிரபுவின் அறிக்கை வெளிவர 2023 ஆனது. ஒப்பந்தத்தின் பெயர் எதுவானாலும், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அபாயத்தைக் காகிதத்தில் கைமாற்ற முடியாது.

மினியாபொலிஸ் ஆவணத்தை எடுத்து அடுத்த வேலைக்கு வார்ப்பாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தரத்துக்குக் கொடுத்த பெரும் எடை, தோற்றவருக்கான ஊதியம், துறையின் ஆட்கள் வடிவமைப்பாளர் பக்கத்தில் உட்காரும் ஏற்பாடு, மக்களுக்குத் திறந்துகாட்டும் கடமை ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தை மாற்றுங்கள். நாளின் விலையை வகுத்தலுக்கு வெளியே வையுங்கள்: விலையை மட்டும் தரத்தோடு எடைபோட்டு, நாளைத் தனியே மதிப்பிடுங்கள். டெண்டர் விடும் முன் கற்பனையான நான்கு ஐந்து டெண்டர்களைச் சூத்திரத்தில் ஓட்டி, ஒரு மதிப்பெண் எத்தனை லட்சத்துக்குச் சமம் என்று மதிப்பீட்டுக் குழுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊக்கத்தொகைக்கான கெடுவை ஒப்பந்ததாரர் எழுதும் எண்ணிலிருந்து எடுக்காமல், துறையின் பொறியாளர்கள் சுயமாகக் கணித்த நாளிலிருந்து எடுங்கள். வெற்றியாளரை அறிவிக்கும் அன்றே, ஒவ்வொரு தலைப்பிலும் யாருக்கு எத்தனை, ஏன் என்று இரண்டு வரியாவது எழுதி வெளியிடுங்கள். மெக்ராசன் அணியின் பொறியாளர்களுக்கு அந்த இரண்டு வரி அன்றே கிடைத்திருக்க வேண்டும்.